பித்த அமிலமும் நேர ஒழுங்குக் குழுவும்

நாகரிகத்தின் உச்சியைக் காண விரும்புகிறவர்கள் எங்கள் அலுவலகத்தின் ‘நேர ஒழுங்குக் குழு’வைப் பார்த்தால் போதும். ஊழியர் இருக்கையை விட்டு எழுந்த நிமிஷத்தையும் திரும்பி உட்கார்ந்த நிமிஷத்தையும் அது அறியும். இடையில் அவருக்கு என்ன ஆயிற்று என்பது அதன் அதிகார வரம்புக்குள் வராது. அக்குழுவின் செயலாளர் அடியேன்.

எங்கள் வரைவாளர் இருபத்திரண்டு வருஷமாகக் குடிநீர்க் குழாய்களுக்குப் படம் போடுகிறவர். அதிர்ந்து பேசாதவர். போன வருஷம் நோய் முற்றி, அவருடைய சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பியவர் ஒரே நாளில் ஒன்பது தடவை கழிப்பறைக்கு ஓடினார். குழு கூடியது.

அவர் கொண்டுவந்த மருத்துவரின் கடிதம் குழுத் தலைவருக்குப் புரியவில்லை; புரியாததை அவர் நம்புவதில்லை. வரைவாளரே ஒரு தாளில் குழாய் போட்டு விளக்கினார். கல்லீரல் பித்த அமிலத்தைச் சுரக்கிறது. அது குடலில் இறங்கிக் கொழுப்பு செரிக்க உதவுகிறது. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உறிஞ்ச, ரத்தம் கல்லீரலுக்கே திருப்பிக் கொண்டுபோகிறது. நாளுக்குப் பல சுற்று. இவருக்கு உறிஞ்சுகிற இடமே இல்லை. அமிலம் நேரே பெருங்குடலில் விழுந்து, தண்ணீரைக் கூட்டி, ஆளை ஓடவைக்கிறது.

தலைவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார்.

“மிச்சக் குடல் இருக்குல்ல? அதுக்கு இந்தப் பொறுப்பையும் கூடுதலா குடுக்கலாமே. நம்ம ஆபீஸ்ல குடுக்கறதில்லையா?”

“அது கேக்க மாட்டேங்குதுங்க,” என்றார் வரைவாளர்.

குடலின் ‘கீழ்ப்படியாமை’ குறிப்பேட்டில் ஏறியது.

அமிலத்தைப் பிடித்துவைக்க மருத்துவர் ஒரு பொடி கொடுத்திருந்தார். மனைவி தினமும் அதைத் தண்ணீரில் கலக்கிப் புட்டியில் கொடுத்தனுப்புவார். அதனால் ஒன்பது நாலாகக் குறைந்திருந்தது. நாலுக்கு விதியில் இடமுண்டா என்று ஒரு மணி நேரம் ஆராய்ந்தோம். அதற்குள் வரைவாளருக்கு முகம் வெளிறி வியர்த்துவிட்டது.

“போயிட்டு வந்துடறேங்க.”

“முடிவு சொல்ற நேரத்துல எழுந்தா ‘வெளிநடப்பு’ன்னுதான் எழுதணும்,” என்றார் தலைவர்.

வரைவாளர் உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து எழுந்து ஓடினார். கழிப்பறை நீண்ட நடைக்கூடத்தின் அந்தக் கோடியில். பாதி வழியில் நின்றுவிட்டார். அப்புறம் கைப்பையைப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விலகல் கடிதம் வந்தது. ‘சொந்தக் காரணம்’ என்றிருந்தது. காலதாமதமின்றி எழுதியதற்காகக் குழு அவரைப் பாராட்டியது.

நடவடிக்கைக் குறிப்பை நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன். வரைவாளர் குழுவுக்குக் கொடுத்திருந்த மனுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: கழிப்பறைக்குப் பக்கத்து மேசைக்கு மாற்ற வேண்டும். அதைக் கூட்டத்தில் வாசிப்பது செயலாளரின் கடமை. நான் வாசிக்கவில்லை.

அது என் மேசை. ஜன்னல் காற்று நன்றாக வரும்.