கடலைக் காடாக்கிய திருத்தம்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில், முத்தாச்சி என்ற நீர்நாய் தன் குட்டிகளோடு குடியிருந்தது. கடல்தான் அதற்குச் சோறு போட்டது.

அந்தக் காட்டுச் சிங்கராஜாவுக்குக் கடலுக்குள் காற்றாலை நட ஆசை வந்தது. நட வந்த வெளியூர்க் கொக்குகளோ, சட்டம் இல்லாத இடத்தில் காலூன்ற மாட்டோம் என்றுவிட்டன. இருந்தது பழைய காட்டுச் சட்டம். அதில் கடல் என்ற சொல்லே கிடையாது. புதிதாக எழுத யாருக்குப் பொறுமை? சட்டமந்திரி நரி ஒரே வரியில் வேலையை முடித்தது. இனிமேல் 'காடு' என்று வரும் இடத்திலெல்லாம் 'கடல்' என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முத்தாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டில் ஒரு கம்பு நட்டாலும் அங்கே வசிப்பவரைக் கேட்டுத்தான் நட வேண்டும் என்பது பழைய சட்டம். இனி நம்மையும் கேட்பார்கள் என்று மீசையைத் துடைத்துக்கொண்டு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனது.

கூட்டம் முடிந்திருந்தது. கடலில் வசிப்பவை மீன்கள்தாம், அவற்றைக் கேட்டாயிற்று என்றது நரி. கேட்டபோது மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடினவாம். அது 'ஆமாம், ஆமாம்' என்று பதிவாகியிருந்தது. கரையில் தூங்குகிற முத்தாச்சி கடல்வாசி ஆகாதாம். போதாததற்கு, காட்டில் அனுமதியில்லாமல் வேட்டையாடுவது குற்றம் என்பதால், இனிக் கடலில் மீன் பிடிப்பதும் குற்றமாம்.

ஆலைகள் சுழன்றன. சிங்கத்தின் குகையில் பகலிலும் விளக்கு எரிந்தது. முத்தாச்சியின் குட்டிகள் காய்ந்த நண்டு ஓட்டை நக்கிக்கொண்டு கிடந்தன. பார்க்கப் பொறுக்காமல் அது மறுபடி நரியிடம் போய், நீர்நாய்களுக்காகவும் ஒரு வரி திருத்தித் தரும்படி கெஞ்சியது.

"ஒவ்வொருத்தர் வயிற்றுக்கும் திருத்தினால் சட்டத்துக்கு என்னம்மா மரியாதை? காற்றாலைக்கென்றால் திருத்தலாம்," என்றது நரி.

முத்தாச்சி கரைக்குத் திரும்பியது. மறுநாள் தென்னை மட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு, கடலுக்குள் ஒரு பாறையில் ஏறி, தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. தலை கிறுகிறுத்தது, நிறுத்தவில்லை. சேதி கேட்டு நரி படகில் வந்தது.

"மந்திரி ஐயா, நான் காற்றாலை," என்றது முத்தாச்சி.

நரி மட்டைகளை எண்ணிப் பார்த்துத் தலையை ஆட்டியது. சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் திட்டப் பகுதி என்று அங்கேயே உத்தரவு போட்டது.

"அதில் இருக்கிற மீன்கள்?"

"திட்டத்துக்கு இடைஞ்சல். உடனே அகற்றிவிடு."

அன்று குட்டிகள் வயிறு முட்டத் தின்றன. முத்தாச்சி சுற்றிக்கொண்டே ஊட்டியது.

நீதி: சட்டம் வளைந்து கொடுக்க வேண்டுமென்றால் வெறும் உயிராக இருந்து புண்ணியமில்லை, திட்டமாக இரு.