எட்டு இலக்கப் பேரழகி

எண்பித்தர் என்றொரு வகை மனிதர் உண்டு; நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டி எண், வீட்டு எண், பேருந்துச் சீட்டு என்று எதைக் கண்டாலும் ஏழால் வகுத்துப் பார்க்காமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. கேட்டோமா? கேட்கவில்லை. சொல்லாமல் விடுவார்களா?

சூஸ் நகர ரயிலடியில் பார்சல் கொடுக்கும் லஸ்ஸாத் இந்த வகையில் தலைசிறந்தவர். அன்று காலை ஹயாத் என்ற மருந்துக்கடைப் பெண் மூச்சிரைக்க வந்து ரசீதை நீட்டினாள்.

"சீக்கிரம் அண்ணே. சாயங்காலம் மஹ்தியாவுல எனக்குக் கல்யாணம். செருப்பு இதுலதான் வந்திருக்கு. பன்னெண்டு மணி லுவாஜ் வேன்ல இடம் பிடிச்சிருக்கேன், அது நிக்காது."

லஸ்ஸாத் ரசீதைப் பார்த்தார். 73939133.

"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்து முப்பத்துமூணு! தங்கச்சி, இது பகா எண். தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர எதாலயும் வகுபடாது. கடைசி இலக்கத்தை விரலால மறை, மிச்சமும் பகா எண். இன்னொண்ணை மறை, அதுவும்! ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் இப்படியே. இந்தக் குணத்தோட இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது. இருபது வருஷமா இது என் கைக்கு வராதான்னு காத்திருக்கேன்!"

"வந்திருச்சுல்ல? செருப்பைக் குடுங்க."

"இந்த ரசீதை நானே வச்சுக்கட்டுமா? சட்டம் போட்டு மாட்டிடறேன்."

"என் மாப்பிள்ளையையே வச்சுக்குங்க, செருப்பைக் குடுங்க!"

வரிசை சிரித்தது. பின்னாலிருந்த மீன்காரர் பஷீர், "யோவ், என் மீன்வலை பார்சலுக்குள்ளயே கிழடாயிரும்யா" என்றார்.

லஸ்ஸாத் அலமாரிக்குப் போனார். மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலை, மூட்டை எல்லாம் துழாவினார். அந்த எண்ணில் பார்சலே இல்லை. மணி பதினொன்றே முக்கால். ஹயாத்தின் கண் கலங்கியது. ரசீதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணே, டாக்டருங்க கையெழுத்தைப் படிச்சுப் பிழைக்கிறவ நான். கடைசியில இருக்கிறது மூணு இல்ல. எட்டு. இடதுபக்கம் மை ஒட்டல."

எட்டு! இரட்டைப்படை. இரண்டால் வகுபடும் என்று பால்குடிக்கும் பிள்ளைகூடச் சொல்லும்.

பார்சல் உடனே கிடைத்தது. லஸ்ஸாத் நீட்டினார். இருபது வருடக் காதலி என்று நினைத்து அழைத்தவள் வேறொருத்தி என்று தெரிந்தவர்போல முகம். வரிசைகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டது. ஹயாத்துக்கே பாவமாகிவிட்டது.

"மனசு விடாதீங்க அண்ணே. இதுலயும் ஏதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் வேனில் ஏறிக் கதவைச் சாத்தப்போகும்போது, ரயிலடி வாசலில் லஸ்ஸாத் கையாட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: "தங்கச்சி! இலக்கங்களைக் கூட்டினேன்! நாப்பத்துமூணு! பகா எண்! நல்லா இருப்பே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கூட்டுத்தொகை நாற்பத்துமூன்றுதானா என்று சற்றுமுன் உதடு அசையக் கூட்டிப் பார்த்தது யார்?