மீன் மணத்த அரிசி

விசுவமடு,
14.03.1999

பெருமதிப்புக்குரிய மச்சான் கதிர்காமநாதன் அவர்கட்கு,

இங்கே நானும் உம்முடைய தங்கை ஜெகதீஸ்வரியும் இரண்டு பசுக்களும் சுகம். வவுனியாவில் உம்முடைய சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உம்முடைய மறுமொழி இங்கே வந்து சேர இரண்டு மாதமாகும், அதற்குள் அந்தச் சுகம் பழசாகிவிடும். ஆகவே நீர் நலமாக இருக்கிறீர் என்று நானே தீர்மானித்துக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன்.

ரயில் ஓடாத ஊரில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தீர். நான் இப்போது சிறு கமக்காரர் அரிசிச் சங்கத்தின் தலைவர். இதற்குக் காரணம் ஜோசப்பின் என்ற அம்மா. நாயாற்றுக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் கருவாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். போன ஆடியில் எங்கள் வாசல் படலையடியில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாஸ்டர், நீங்கள் சூடடிச்ச கையோட ஈரநெல்லை வித்துப்போட்டு ஐப்பசியில அரிசி வாங்கித் தின்னுறியள். நாங்கள் மீனை வித்துப்போட்டு அரிசி தேடி அலையிறம். ரெண்டு பேருக்கும் நடுவில நிக்கிறவன்தான் கொழுக்கிறான். நெல்லை நீங்களே அவிச்சுக் குத்தி அரிசியாத் தாங்கோ. நாங்கள் கருவாடு தாறம்." பக்கத்து வயல் வீரபாகு, "இந்தத் தடையில யூரியா வாறேல்லையே அம்மா, நெல்லு எங்கால விளையும்?" என்று கேட்டார். "மீன் கழிவு கிடந்து நாறுது. அதையும் உரமாக் கொண்டுவந்து தாறம்," என்றார் அவர். முப்பது வருடம் ரயில்களை நேரத்துக்கு அனுப்பிய எனக்கு, போகிற வண்டியும் வருகிற வண்டியும் வெறுமையாக ஓடாத இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஆளுக்கு இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தோம். நல்ல கையெழுத்து இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக என்னைத் தலைவராக்கினார்கள்.

புரட்டாதியில் முதல் பெட்டி மீன் கழிவு வந்தது. அதை வயலில் தாழ்த்த, அதாவது மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று ஜோசப்பின் சொன்னதை நான் தூவ வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். மறுநாள் விடிய என் வயலில் நாய்கள் மாநாடு நடத்தின, காகங்கள் சாட்சிக்கு வந்தன, நான் அவற்றைக் கலைக்கப் போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டு வர, உம்முடைய தங்கை என்னைக் கிணற்றடி தாண்டவிடாமல் மூன்று நாள் சோற்றை அங்கேயே கொண்டுவந்து தந்தாள், மற்றவர்கள் முறையாகத் தாழ்த்திய வயல்களிலோ நெற்பயிர் கரும்பச்சையாக எழும்பியது. தையில் கதிர் சாய்ந்து நின்றதைப் பார்த்த வீரபாகு, நாற்பது வருடம் வயல் செய்தவர், வரம்பில் குந்திக்கொண்டு ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "கடல் எங்கட வயலுக்கு வந்திட்டுது மாஸ்டர்," என்றார் பிறகு.

மாசியில் அவியல். பெண்கள் தகரப் பரல்களில் நெல்லை அவித்தார்கள். விறகுக்குப் பதில் உமியே எரிந்தது, அந்தச் சாம்பலும் வயலுக்குத் திரும்பும் என்றார்கள். அவித்த நெல்லைத் தார் றோட்டில் பரப்பிக் காயவிட்ட மூன்றாம் நாள், மத்தியானம், கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மூட எங்களிடம் பாய்கள் மட்டும் இருந்தன. எட்டு மாத உழைப்பு நடுறோட்டில் கிடக்கிறது, மச்சான். நான் வெறுங்கையோடு அங்கும் இங்கும் ஓடினேன். அந்த நேரம் பார்த்துச் சித்திரையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான மீன் கழிவோடும் ஆட்களோடும் நாயாற்று உழவு இயந்திரம் வந்து நின்றது. ஜோசப்பின் அம்மா அதன் இழுவைப் பெட்டியிலிருந்து குதித்து, கழிவை மூடியிருந்த பெரிய தார்ப்பாய்ப் படங்கை உருவி, "பிடியுங்கோ, ஏன் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார். நாங்கள் விரித்து முடிக்க மழை கொட்டியது. படங்கின் நான்கு பக்கத்திலும் கரையாரும் கமக்காரரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து இருந்துகொண்டு, காற்று அதைத் தூக்காமல் பிடித்திருந்தோம். நான் பார்த்த எந்தப் பெரிய ஸ்டேசனிலும் அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை.

நெல் தப்பியது. மணம் தப்பவில்லை. குத்தி எடுத்த அரிசி முழுவதும் அறக்குளா மீன் வாசம். சைவக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "ஒருத்தரும் வாங்காயினம்," என்று வீரபாகு தலையில் கைவைத்தார். ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. நானும் அவரும் மூட்டைகளோடு நாயாறு போனோம். ஜோசப்பின் எல்லாருக்கும் முன்னால் ஒரு பானை சோறு வடித்தார். அவர் புருசன் ஸ்ரனிஸ்லஸ் ஒரு கவளம் வாயில் வைத்து, மெல்ல மென்று, "கறி வேண்டாம் போல கிடக்கு. மற்ற மூட்டையளையும் இறக்குங்கோ," என்றார். திரும்பிய வண்டியில் கருவாடு நிறைந்திருந்தது.

வற்றாப்பளை அம்மன் உமக்கும் மச்சாளுக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஜோசப்பினும் தன் பங்குக்கு அந்தோனியாரிடம் உம்மைப்பற்றிச் சொல்லிவைப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
சங்கத்தை ஒரு பிழையுமில்லாமல் நடத்தும்,
பரமலிங்கம்

பி.கு.: கடிதம் கொண்டுபோகிறவர் வரப் பிந்தியதால் இதையும் எழுதவேண்டி வந்துவிட்டது. சித்திரை விதைப்புக்கு நெல் ஒதுக்கி வைப்பது தலைவரின் வேலை. நான் ஒதுக்கினேன். ஆனால் எல்லா நெல்லையும் அவித்துக் காயவைத்த பிறகுதான் ஒதுக்கியிருக்கிறேன். நேற்று வீரபாகு ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், அவிச்ச நெல்லு முளைக்காது," என்றார். பன்னிரண்டு குடும்பங்களையும் கூப்பிட்டுக் குற்றத்தைச் சொல்லிப் பதவியை விடுவதாக அறிவித்தேன். ஒருவரும் ஏசவில்லை. வீரபாகு தலையைச் சொறிந்தார். "கோவிக்கக் கூடாது. நான் சங்கத்துக்கு முழுக்கத் தரேல்லை. விதைக்கு ஒரு பை வீட்டில ஒளிச்சு வச்சனான்." பிறகு ஒவ்வொருவராக எழும்பிப் போய் ஒவ்வொரு பை தூக்கிவந்தார்கள். தலைவரை ஒருவர்கூட நம்பவில்லை, மச்சான், அதனால் சங்கம் பிழைத்தது. பன்னிரண்டாவது பை எங்கள் கட்டிலுக்குக் கீழிருந்து வந்தது. "முப்பத்தொரு வருசமா உங்களைத் தெரியுந்தானே," என்றாள் உம்முடைய தங்கை.