என் வீட்டு சப்வூஃபரும் பக்கத்து வீட்டு ஷோகேஸும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பொறாமைப்படுவது அவ்வளவு சுலபமில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி ஜன்னல், சுவருக்கும் ஒரே மஞ்சள். யாருக்கு என்ன கிரேடு, யாருக்கு எப்போது இன்கிரிமென்ட் என்பது பால்காரருக்குக்கூடத் தெரியும். இங்கே வயிறெரிய வேண்டுமென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரணம் தேட வேண்டும். (நான் தேடிப் பிடித்துவிடுவேன். அந்த விஷயத்தில் எங்கள் பிளாக்கில் எனக்குப் போட்டியே கிடையாது.)

எனக்குக் காரணமாக வந்து வாய்த்தவர் அடுத்த வீட்டு சண்முகசுந்தரம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மைன்ஸில் என்னோடு அதே கன்வேயர் செக்‌ஷன். அவர் மெக்கானிக், நான் எலக்ட்ரீஷியன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த மனிதர் ஒரு நாள் ஹோம் தியேட்டர் வாங்கினார். கூடவே ஒரு சப்வூஃபர், அதாவது பாட்டில் 'தும் தும்' என்ற அடியை மட்டும் கொடுக்கும் பெட்டி. அவருடையது குட்டி ஃபிரிட்ஜ் அளவுக்கு இருந்தது. என்னிடமும் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் ஸ்டெபிலைசரா என்று கேட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மச்சான் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவி மலர்க்கொடியின் தம்பி ரவி, லீவு விட்டால் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்துவிடுவான். பையை எங்கள் வீட்டில் போடுவான், காபியை எங்கள் வீட்டில் குடிப்பான், பாட்டுக் கேட்க மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். திரும்பி வந்து, "நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது மாமா" என்பான். எனக்கும் நெஞ்சுக்குள்தான் அடித்தது. ஒரே ஒரு தடவை அவன் என் ஹாலில் உட்கார்ந்து, என் செட்டைக் கேட்டு, அதே வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். அதைத் தவிர வாழ்க்கையில் எனக்கு வேறு லட்சியம் இல்லாமல் போயிற்று.

அவரிடம் ஒன்று என்றால் என்னிடம் இரண்டு. மந்தாரக்குப்பத்தில் ஒரு கடையில் இன்னொரு சப்வூஃபர் வாங்கினேன். ஒரு ஒயரை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் கொடுத்தால் போதும் என்றார் கடைக்காரர். மாட்டிவிட ஆள் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட்டுக்கு மோட்டார் கனெக்‌ஷன் கொடுப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

புதுப் பெட்டியைப் பொதுச்சுவரை ஒட்டி, சுவரையே பார்த்த மாதிரி வைத்தேன். சண்முகசுந்தரத்தின் காதில் விழ வேண்டும் அல்லவா! பெட்டியின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் சைபர், மறுபக்கம் நூற்றெண்பது. சைபரில் வைக்க நான் என்ன கேனையா? நூற்றெண்பதுக்குத் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரங்கேற்றம். இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நாற்காலி போட்டு, மச்சானை மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தேன். நல்ல குத்துப்பாட்டாகப் பார்த்துப் போட்டேன். பாட்டு பாடியது. அடியைக் காணோம். பாடகர் யாருக்கோ பயந்து பாடுகிற மாதிரி இருந்தது.

"என்னா மாமா, கொசு கத்துற மாதிரி கீது?" என்றான் ரவி.

சவுண்டைக் கூட்டினேன். கொசு பெரிதாயிற்றே தவிர, அடி வரவில்லை. இன்னும் கூட்டினேன். மலர்க்கொடி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணு இருந்தப்போ நல்லாத்தான இருந்துச்சு. இருந்ததையும் கெடுத்துக்கினு உக்காந்துகினு இருக்கீங்க" என்றாள். (தம்பி முன்னால் சொன்னாள் பாருங்கள், அதுதான் வலித்தது.) குமிழ் அதற்கு மேல் திரும்பாது என்கிற இடம் வரைக்கும் திருகினேன்.

அப்போது வாசலில் சண்முகசுந்தரம் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், மூச்சு வாங்கியது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி. சண்டையாவது கிடைத்ததே!

"ஏனுங்க, எங்கூட்டு ஷோகேஸ் கண்ணாடியெல்லாம் ஆடுதுங்க. மைன்ஸ்ல வெடி வெக்கறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. அப்பறம் பாத்தா தாளத்தோட வருது. என்ன பேஸுங்க அது! எம்பட செட்டெல்லாம் கிட்ட நிக்க முடியாதுங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் தவம் கிடந்தேன். ஆனால் என் ஹாலில் கொசு கத்திக்கொண்டிருந்தது. ரவி நாற்காலியை விட்டு எழுந்தான். "தோ, கேட்டுட்டு வந்துடறேன் மாமா" என்று அவரோடு போய்விட்டான். பின்னாலேயே மலர்க்கொடியும் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு சப்வூஃபருக்கும் நடுவில் நான் மட்டும் நின்றேன். அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"மாமா, நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது. கொறச்சிடாதீங்க!"

குறைக்கவில்லை. பாட்டு முடிய முடிய அடுத்த பாட்டு போட்டேன். அங்கே அவர்களுக்கு முறுக்கும் டீயும் நடந்தது. என் காசு, என் கரண்டு, என் பெட்டி. கேட்கிற சுகம் மட்டும் அவர் வீட்டில். அந்தச் சுவர்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

கடைசியில் சண்முகசுந்தரமே வந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்துச் சிரித்தார். "ஒரு பெல்ட்டுல ஒரு மோட்டார் இப்படியும் ஒரு மோட்டார் அப்படியும் சுத்துனா பெல்ட்டு எங்கீங்க போகும்? ஒண்ணு தள்ளறப்ப ஒண்ணு இழுக்குதுங்க. நடுவுல ஒக்காந்தா ஒண்ணுமே கேக்காது. செவுத்துக்கு அந்தப் பக்கம் இந்த ஒரு பெட்டியோட அடி மட்டும் வந்துருச்சுங்க." சுவிட்சைச் சைபருக்குத் தள்ளினார். மோட்டார் திரும்பிச் சுற்றினால் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டில் மொத்த செக்‌ஷனும் சொன்னது.

அதற்குப் பிறகு என் ஹால் அதிர்ந்தது உண்மை. ஆனால் ரவி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா அவுங்க வூட்ல கேட்ட மாதிரி வரல மாமா" என்றுவிட்டான்.

எங்கள் தோட்டத்து மாமரம் அவர் காம்பவுண்டுக்குள் கிளையை நீட்டி, அந்தப் பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மலர்க்கொடி அதைக் காட்டி, "நம்ம வூட்டு பேஸு எங்க கேக்குது பாருங்க" என்பாள். ரவிக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன மாதம் புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஆசையாக ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அவன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே அவளிடம் சொன்னான்: "வா, மாமா பாட்டு போடப் போறாரு. பக்கத்து வூட்டுக்குப் போலாம்."