லால்குடித் தண்ணீரை நான் சுத்தம் செய்த கதை

அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் கோளாறு, நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். சூரத்தில் துணி மடித்தேன். ஓசூரில் லாரிக்கு லோடு ஏற்றினேன். ஒரு மழைக்காலம் முழுக்க பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். பிறகு திருச்சியில் கேன் தண்ணீர் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷம். அதையும் மூடினார்கள். அடுத்து ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. குடித்தனம் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் ஒற்றை அறையில், மனைவியோடு.

ஆய்வகத்தில் நசீமா என்ற ஆராய்ச்சி மாணவி இருந்தார். பாலக்கரைக்காரர். அவர் தேடிக்கொண்டிருந்தது ராட்சத வைரஸ்.

"வைரஸ்னா கண்ணுக்கே தெரியாதுன்னு டிவியில சொன்னாங்களே மேடம்?"

"இது பெருசுண்ணே, பாக்டீரியா சைஸ். சாதாரண மைக்ராஸ்கோப்புலயே புள்ளியாத் தெரியும். அமீபா இதை இரைன்னு நெனச்சு முழுங்கிடும். உள்ள போனதும் ஒரு பட்டறை போட்டு, தன்னை மாதிரியே நூத்துக்கணக்குல செஞ்சு, அமீபாவை ஒடைச்சுக்கிட்டு வெளிய வரும்."

"வாடகைக்கு வந்தவன் வீட்டையே இடிச்ச மாதிரி."

"அதேதான். செல்லுக்கு மட்டுமே தேவைப்படுற ஜீனெல்லாம் வேற இதுகிட்ட இருக்கு. தங்குன செல்லுலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத் திருடிப் பெருத்துச்சுன்னு ஒரு கட்சி. ஒருகாலத்துல இதுவே முழு செல்லா இருந்து தேஞ்சிடுச்சுன்னு இன்னொரு கட்சி. சண்டை இன்னும் தீரலை."

நான் முதல் கட்சி. தங்கிய இடத்திலெல்லாம் எதையாவது பொறுக்கிப் பெருத்தவன்தானே நானும்! கேன் கம்பெனியில் நான் பொறுக்கியவை இரண்டு பழக்கங்கள். பில்டரில் சேரும் அழுக்கை உடனே எறிந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது ஒன்று. பெரிய மனிதர் யாராவது வந்தால், தண்ணீரை அவர் கண்ணெதிரே குடித்துக் காட்டுவது இன்னொன்று.

நசீமாவுக்காக மாதக்கணக்கில் ஊர் ஊராகத் தண்ணீர் மொண்டு வந்தேன். லால்குடி வயல் வாய்க்கால் தண்ணீரில் மட்டும் அமீபாக்கள் வெடித்தன. (அந்தக் கேனை மடியில் வைத்து வந்தபோது, "சரக்காங்க?" என்று கண்டக்டர் மோந்து பார்த்தார்.) ஆனால் நசீமா அதிலிருந்து வளர்த்ததெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிற்று. வாய்க்காலும் வறண்டது. மிச்சம் ஒரே ஒரு பாட்டில்.

அதை வடிகட்டி, தாளில் தங்குவதை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளி வைரஸா பாக்டீரியாவா என்று பிரித்துக் காட்டும் பெரிய மைக்ராஸ்கோப் அவர் ஊரில் இருந்தது. வைரஸ் தெரிந்தால் ஆராய்ச்சி தொடரும். தெரியாவிட்டால் நசீமா தலைப்பையே மாற்ற வேண்டும். மூன்று வருஷ உழைப்பு அம்போ.

பேராசிரியர் வந்த அன்று காலை அவரை அழைத்துவர ஜங்ஷனுக்குக் கிளம்பியபோது நசீமா தெளிவாகவே சொன்னார்: "சேகரண்ணே, வடிகட்டி முடிச்சதும் அந்தத் தாளை மூடி போட்ட தட்டுல வச்சிருங்க. மறந்துறாதீங்க."

நான் மறக்கவில்லை. திருத்தினேன். பாவம், தூக்கமில்லாத பொண்ணு, மாற்றிச் சொல்கிறது என்று நினைத்தேன். சேறு பிடித்த தாளையா விருந்தாளியிடம் நீட்டுவார்கள்? தாளை பிளீச்சிங் பவுடர் வாளியில் போட்டுக் கசக்கி, சாக்கடையில் விட்டேன். கீழே இறங்கிய தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. புது டம்ளரில் ஊற்றி, மேஜை விரிப்பின்மேல் வைத்தேன்.

பேராசிரியர் உள்ளே வந்தார். நசீமா தட்டைத் திறந்தார். காலி.

"தாள் எங்கண்ணே?"

"அந்த அழுக்கு எதுக்கும்மா? சுத்தமான தண்ணி இந்தா இருக்கு. ஐயா, சந்தேகமே வேண்டாம், பாருங்க." ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

நசீமா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பேராசிரியர்தான் சிரித்தார். "விடும்மா. இத்தனை வருஷமா நாங்க செஞ்சதைத்தான் இவரும் செஞ்சிருக்காரு. வைரஸ்னா சின்னது, வடிகட்டினா கீழ வந்துரும்னு தண்ணியையே தேடினோம். மேல தங்குன பெருசுங்களக் குப்பையில போட்டோம். கண்ணுல பட்டதையும் பாக்டீரியான்னு சொல்லிட்டோம்."

மெத்தப் படித்தவர்கள் வருஷக்கணக்கில் செய்தால் அதற்குப் பெயர் அறிவியல் வரலாறு. நான் ஒருநாள் செய்தேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

வேலை போன துக்கத்தை அனுபவிக்கவும் விடவில்லை வயிறு. ஸ்ரீரங்கத்து வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். மூன்று நாள் அது என் சொந்த வீடாயிற்று. போனில் நசீமா விளக்கினார்: "பெருசைத்தான்ணே தாள் பிடிக்கும். சின்ன வைரஸெல்லாம் கீழ வந்துரும். நீங்க குடிச்சது அதைத்தான்."

பேராசிரியர் பேசி நசீமாவுக்கு ஆறு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார். லால்குடி வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றே, யாரும் கூப்பிடாமல் கேனோடு போய் இறங்கினேன். தினமும் போனேன். என்னை ஆய்வக வாசலோடு நிறுத்தி, கேனை மட்டும் வாங்கிக்கொண்டார் நசீமா. ஐந்தாவது மாதம் அமீபாக்கள் வெடித்தன.

இப்போது அவர் டாக்டர் நசீமா. ஒவ்வொரு ரமலானுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வந்துவிடும். பின்னாலேயே போனும் வரும்.

"அண்ணே, அப்படியே குடிங்க. வடிகட்டிடாதீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"நீங்க கவலைப்படாதீங்க டாக்டரம்மா. வடிகட்டியை ஒளிச்சு வச்சுட்டுத்தான் தூக்கையே தொறந்தேன்."