பதினொரு ரங்கநாதன்கள்

அன்று ஸ்ரீரங்கத்துச் சத்திரக் கூடத்தில் இருந்தவர்கள்: லேடி டாக்டரம்மா, நர்ஸ் மேரியம்மா, மேஜைக்குப் பின்னால் நான், எதிரே பதினொரு ரங்கநாதன்கள். கர்ப்பிணிகளுக்கான இலவசப் பரிசோதனை நாள் அது. கர்ப்பிணி ஒருவர்கூட இல்லை.

காரணம் நான்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு, திருச்சியில் டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை கிடைத்ததே பெரிது. (மை தீர்ந்துவிடுமோ என்று இரண்டு பேனா வைத்திருப்பேன். இரண்டும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தனியாகக் கவலைப்படுவேன்.)

அறுபதுகளின் ஆரம்பம். பிரசவம் என்றால் வீடும் மருத்துவச்சியும்தான். காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துப் பெண்கள் வர மாட்டார்கள், நாமே போவோம் என்று டாக்டரம்மா சத்திரத்தைப் பிடித்தார். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தோம். முதல் புதன்கிழமை பதினொரு பெண்கள் வந்தார்கள்.

"இவங்க அடுத்த வாரமும் வந்தாத்தான் இங்க நடத்துவேன்" என்றார் டாக்டரம்மா. "வீட்டுக்காரங்க விட்டாத்தானே வருவாங்க? அவங்க பேருக்குக் கார்டு போடு. யாரும் வரலைன்னா கடையைக் கட்டிடலாம். உனக்கும் வேலை இல்லை."

நோட்டைத் திறந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் பேருங்க?"

முதல் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "பள்ளிகொண்டிருக்காரே, அவர் பேருதான்."

ரங்கநாதன் என்று எழுதினேன். அடுத்தவள் கோயில் திசையில் கையைக் காட்டினாள். ரங்கநாதன். மூன்றாமவள் வெறுமனே சிரித்தாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். மறுபடி கேட்டு, கோபித்துக்கொண்டு போய்விட்டால்? சிரித்தவளுக்கும் ரங்கநாதன், முந்தானையால் வாயை மூடியவளுக்கும் ரங்கநாதன். வீட்டு நம்பரும் கேட்கவில்லை. (எல்லாரும் ஒரே தெரு. "தபால்காரருக்குத் தெரியும்" என்றார்கள்.)

'தங்கள் மனைவி கர்ப்பமாக இருப்பதால் வரும் புதன்கிழமை தவறாமல் அழைத்து வரவும்.' பதினொரு கார்டு, ஒரே பெயர். தபால்காரர் நியாயஸ்தர். தெருவிலிருந்த ரங்கநாதன்களுக்கு ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

புதன்கிழமை வந்து நின்ற ரங்கநாதன்களில் சமஸ்கிருத வாத்தியார்தான் முதலில் வெடித்தார். "நேக்கு இன்னும் கல்யாணமே ஆகலை ஓய்! யாரை அழைச்சுண்டு வரது? கார்டைத் தெருவே படிச்சுடுத்து!"

இன்னொருவர் வேர்த்துக் கொட்டியபடி கேட்டார்: "ஆறோட நின்னாச்சுன்னு இருந்தேனே. ஏழாவதா?"

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் கோபப்படவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு தம்பி. நீங்க எங்க பார்த்தேள்?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். வேலை போயிற்று என்று நான் பேனாக்களை எடுத்துச் சட்டைப் பையில் செருகியபோது மேரியம்மா சொன்னார்: "அம்மா, வாசலைப் பாருங்க."

எந்த ரங்கநாதனுக்கு என்ன சமாசாரம் என்று பார்க்கத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். முன்னால் போன வாரம் வந்த பதினொரு பெண்கள், முந்தானைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி.

"அந்தக் குழாயை வெச்சா உள்ள குழந்தை சத்தம் கேக்குமாமே, நெஜமா?" என்றாள் ஒருத்தி, டாக்டரம்மா கையிலிருந்த குழாயைக் காட்டி.

"வாங்க, நீங்களே கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் மேரியம்மா எண்ணிச் சொன்ன கணக்கு: முப்பத்து நான்கு கர்ப்பிணிகள். புதன்கிழமை நிலைத்தது, என் வேலையும் நிலைத்தது. "பேர் மட்டும் இனி மேரி எழுதட்டும்" என்றார் டாக்டரம்மா.

இன்றைக்கும் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என் மனைவி, "யாருக்கு எத்தனாவது மாசமாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பாள்.

வாத்தியார் அன்று பதறியடித்து டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து ஜட்கா வண்டி பிடித்து வந்திருந்தார். அந்த வண்டிக்கூலியை நான்தான் தரவேண்டும் என்றார். சம்பளம் வாங்கியதும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்கோடா. என் ஆத்துக்காரிதான் உன் நோட்டுல இருக்காளே, அவ வந்து வாங்கிப்பா."

அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பாக்கி, ஒன்றேகால் ரூபாய்.