ஷட்டருக்குள் ஸ்டேஷன் மாஸ்டர்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மிக்ஸி ரிப்பேரும் தெரிந்திருக்கும் என்று ஊரே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது நான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். தெருவில் யார் வீட்டு டேப் ரிக்கார்டர் திக்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் போய், பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "இதுக்கு பார்ட்ஸ் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வருவேன். ஊர் நம்பியதில் தப்பில்லை. நானும் நம்பத் தொடங்கியதுதான் தப்பு.

என் அண்ணன் அமெரிக்காவில் இருந்தான். அவன் அனுப்பிய பணத்தில்தான் வீடு கட்டினோம். பிளானும் அங்கிருந்தே வந்தது. அதன்படி காம்பவுண்டின் ஓரத்தில் தனியாக ஒரு கார் ஷெட், அதற்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் ஷட்டர். எங்களிடம் கார் இல்லை. "பின்னாடி வாங்குவீங்க இல்ல?" என்றான் அண்ணன். அதுவரை ஷெட்டில் என் ஸ்கூட்டரும், விஜயபுரத்தில் அம்மாவுக்கு இருந்த நிலத்திலிருந்து வந்த வேர்க்கடலை மூட்டைகளும் இருந்தன. (வேர்க்கடலைக்கு ரிமோட் வைத்துப் பூட்டிய குடும்பம் சித்தூர் ஜில்லாவிலேயே நாங்கள் ஒன்றுதான்.)

ஒருநாள் ஷட்டர் பாதி இறங்கியது, ஏதோ மறந்துவிட்டதுபோல் நின்றது, திரும்ப மேலே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "கீழ ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு, சென்சார். குறுக்க எதுனா இருந்தா இறங்காது. அத மொதல்ல பாரு" என்றான்.

அமெரிக்காவில் இருப்பவன் சொல்லி நான் கேட்பதா? ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினேன். ஷட்டர் ஓடுகிற தண்டவாளத்துக்கு கிரீஸ் போட்டேன். அடுத்து, மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலி தொங்கிக்கொண்டு கடகடவென்று ஆடுவதைப் பார்த்தேன். கரண்ட் இல்லாதபோது கையால் இழுத்துத் தூக்குவதற்கான சங்கிலி அது. அதுதான் எங்கோ மாட்டிக்கொண்டு ஷட்டரைத் தடுக்கிறது என்று முடிவு செய்து, கழற்றி வெளியே மூலையில் போட்டேன். அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் சென்சாரிலிருந்து வந்த ஒயர்களை வெட்டி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். ஷட்டர் ஜம்மென்று இறங்கியது. குறுக்கே யானை நின்றாலும் இனி அதற்குக் கவலையில்லை.

"என்னடா பண்ண?" என்று கேட்ட அப்பாவிடம் (எங்கள் வீட்டில் நைனா), "பைபாஸ்" என்றேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம்தான் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். புத்தூர்க்காரர்கள். பெண் பெயர் சுகந்தி, அவள் வரவில்லை. அவளுடைய அப்பாவும் சித்தியும் வந்தார்கள். அப்பா ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கள் சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றார். நைனா எழுந்து போய் முள்ளைத் திருப்பினார்.

சம்பந்தம் பேசியவர் எங்களைப் பற்றி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருந்தார். மூத்தவன் போல இளையவனும் சீக்கிரம் அமெரிக்கா போகிறான் என்று. நாங்கள் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

பஜ்ஜி வெந்துகொண்டிருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அது இன்னா ரூமு?" என்றார்.

"கார் ஷெட் சார். ரிமோட்ல வேலை செய்யும். ரிப்பேரா இருந்தது, நானே சரி பண்ணிட்டேன்."

"அப்டியா? வா தம்பி, பாப்பம்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அழைத்துப் போனேன். உள்ளே நின்று பார்த்தால்தான் மோட்டாரின் அழகு தெரியும் என்று சொல்லி அவரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நானும் கூடவே நின்று ரிமோட்டை அழுத்தினேன். ஷட்டர் கம்பீரமாக இறங்கியது. தரைக்கு நாலு விரல் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் தெருவுக்குக் கரண்ட் போகும் என்பது அந்தத் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

இருட்டில் ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் நிதானமாக வந்தது. "இப்ப இன்னா பண்ணணும்?"

"கையால இழுக்க ஒரு சங்கிலி இருக்கும் சார்."

"சரி, இழு."

"கழட்டிட்டேன் சார்."

கடலை மூட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நான் ஷட்டரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். என் முதுகில் ஏதோ சொடுக்கியது, ஷட்டர் அசையவில்லை. வெளியிலிருந்து நைனா தூக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார், அப்புறம் தெருவே தூக்கியது. பிறகு நைனா கரண்ட் ஆபீசுக்கு போன் செய்துவிட்டு வந்து, அவர்கள் சொன்னதைத் தெலுங்கிலேயே ஒப்பித்தார். "ஆறு கண்டலக்கே ஒஸ்துந்தண்ட." ஆறு மணிக்குத்தான் வருமாம்.

விருந்தாளியைப் பட்டினி போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. நாலு விரல் சந்தில் முதலில் பஜ்ஜித் தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் கேசரி. காபி டம்ளர் டபராவோடு சந்தில் நுழையவில்லை. டபராவில் மட்டும் ஊற்றித் தள்ளினார்கள். மாப்பிள்ளையாகப் போகிறவன் தரையில் குப்புறப் படுத்து, மாமனாராகப் போகிறவருக்கு டபராவை இழுத்துக் கொடுத்தான். சித்தி பட்டுப்புடவையோடு வெளியே மண்ணில் படுத்துச் சந்து வழியாகக் கண்ணை மட்டும் காட்டி, "மாமா, மூச்சு வுட முடியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்து ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சங்கிலியைச் சந்து வழியாக உள்ளே தள்ளினால் தடவித் தடவி மாட்டிவிடலாமே!

"அம்மா, அந்த மூலையில ஒரு சங்கிலி போட்டிருந்தேனே, அத எடுத்துக் குடு."

வெளியே சத்தமே இல்லை.

"அம்மா?"

"காலைல பழைய இரும்புக்காரன் வந்தான்டா" என்றாள் அம்மா. "துருப்புடிச்சிக் கெடந்துச்சேன்னு போட்டுட்டேன்."

"போட்டுட்டு?"

"பேரீச்சம்பழம் குடுத்தான்."

மென்றுகொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்ப நான் துன்னது சங்கிலியா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

கொட்டையைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே பேசினார். குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

"அமெரிக்கா எப்ப போற?"

வெளியே அம்மா இருமினாள். நைனாவும் இருமினார். ஆனால் ஒரு மனிதரைக் கடலை மூட்டையோடு சேர்த்து அடைத்து, சங்கிலியையும் தின்னக் கொடுத்தபிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போகல சார். பாஸ்போர்ட்டே இல்ல. அண்ணன் கூப்டான். நைனா அம்மா ரெண்டு பேர் மட்டும் இவ்ளோ பெரிய வீட்ல... நான் வரலன்னுட்டேன்."

இருமல் நின்றது. வெளியே தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கும்.

அவர் மூட்டையில் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "வேல பாத்த காலம் பூரா எல்லாரையும் ரயில் ஏத்தி அனுப்பிச்சிட்டு பிளாட்பாரத்துல நின்னுக்கினு இருந்தவன் நான்" என்றார். "பையன் துபாய் போனான். அவனையும் ஏத்தி அனுப்பிச்சேன். இருக்கிறது ஒரே பொண்ணு." இருட்டில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பஜ்ஜியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நீட்டியது முழங்கையில் இடித்ததால் தெரிந்தது.

கரண்ட் வந்தது. ஷெட் விளக்கு எரிந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். கடலை மூட்டை ஒன்றின் காது சரிந்து, அண்ணன் சொன்ன சென்சார் கண்ணை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. காலால் மெல்லத் தள்ளிவிட்டு ரிமோட்டை அழுத்தினேன்.

ஷட்டர் மேலே போகப் போக, முதலில் தெருக்காரர்களின் கால்கள் தெரிந்தன, பிறகு வேட்டிகளும் புடவைகளும், கடைசியில் முகங்கள். யாரோ கை தட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சட்டையில் ஒட்டிய கடலைத்தோலைத் தட்டிவிட்டு, யாரிடமும் பேசாமல், தாங்கள் வந்த வேனில் போய் ஏறிக்கொண்டார். சித்தி மண் படிந்த பட்டோடு பின்னால் ஓடினார்.

"போச்சு" என்றார் நைனா. அம்மா அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் புத்தூரிலிருந்து போன். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாங்க" என்றார் அவர். "எங்கூட்ல எல்லாம் மரக் கதவுதான். தம்பி எதுலயும் கை வெக்க வேணாம்னு சொல்லுங்க."

கல்யாணம் சித்தூர் சர்ச்சில் நடந்தது. ஆராதனை முடிந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட நாங்கள் போதகரோடு பக்கத்து அறைக்குப் போனோம். மாமனார் கடைசியாக வந்தார். வாசலில் நின்று என்னை ஒருமுறை பார்த்தார். வலது கால் செருப்பைக் கழற்றி, கதவு சாத்திக்கொள்ளாதபடி இடுக்கில் செருகினார். ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போதகர் ஏன் என்று கேட்கவில்லை. சுகந்திதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என்னோடு எந்த அறைக்குள் வந்தாலும் அவர் அப்படித்தான். ஆஸ்பத்திரி, பேங்க், துணிக்கடையில் துணி போட்டுப் பார்க்கும் அறை, எதுவும் விலக்கில்லை. என் மகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. போன மாதம் பெங்களூரில் ஒரு கடையில் லிஃப்ட் கதவு திறந்தது. நான் உள்ளே போய் நின்றேன். அவள் வெளியிலேயே நின்று, குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினாள்.